பேட்டரியை மாற்றும் முன்: பழைய வேன் வைத்திருப்போர் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் பழைய டீசல் வேன் என்னுடையது. 14 மாதங்களில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இரண்டு நாள் வண்டியை நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. அடுத்து எந்தப் பேட்டரி வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஓட்டத்தில் இருக்கும்வரை நன்றாக இருந்து, நிறுத்திவைத்தால் மட்டும் இறங்கிப்போகிற பேட்டரியை விட, அதிலிருந்து எங்கோ கசியும் மின்சாரத்தின் மீதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

முழுமையாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மீதி. எனவே முதலில் பேட்டரியை வெளிச் சார்ஜரில், அதன் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 80 என்றால் 8 ஆம்பியரில், காற்றோட்டமான இடத்தில் முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பிறகு சாவியை எடுத்துவிட்டு, கதவு விளக்குகள் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் கேபிளுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணையுங்கள். இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பழைய வேனில் 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் கசிவு உண்டு என்று பொருள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த இணைப்பில் குறை இருக்கிறது. பின்னால் சேர்த்த பாட்டுப் பெட்டியும் ஜிபிஎஸ் கருவியும் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும்.

எல்லா ஃபியூஸையும் எடுத்த பின்னும் இறங்கவில்லையென்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், நம் பட்டறைகளில் டைனமோ என்று சொல்லப்படுகிற ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள். விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஒரு வேனில் எஞ்சின் முழுவதும் சில்லென்று இருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அதன் பின்புறத் தடித்த ஒயரைக் கழற்றி மீண்டும் அளந்தபோது 2 ஆம்பியராக இருந்த கசிவு நின்றுவிட்டது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய டயோடு உள்ளே பழுதாகி, இரவு முழுவதும் பேட்டரியை வடித்துக்கொண்டிருந்தது. 2 ஆம்பியர் வீதம் நாளொன்றுக்கு 48 ஆம்பியர்-மணி போகிறது என்றால், புதிதாக எந்தப் பேட்டரியை வாங்கிப் போட்டாலும் இரண்டு நாளில் படுத்துவிடும். அப்படி அடிக்கடி காலியாகிக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடுவதால், நல்ல பேட்டரியும் நிரந்தரமாகக் கெட்டுப்போகிறது. உங்கள் இரண்டு பேட்டரிகளும் அப்படிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒகேனக்கல் சுற்றுலா வேன். சாவி போட்டால் பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. எரியாமல் இருந்தால் நல்லதுதானே?

நல்லதல்ல. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். பழைய வேன்கள் பலவற்றில் அந்தச் சிறிய பல்பின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் கிடைக்கிறது. பல்பு போயிருந்தால், எஞ்சினை நன்றாக முடுக்கும்வரை சார்ஜ் ஏறாமலே இருக்கலாம். பல்பை மாற்றுங்கள்; அப்போதும் எரியவில்லையென்றால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் செல்ஃப் முனகுகிறது. பேட்டரி கடையில் சோதித்ததில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். குளிரில் பேட்டரியின் திறன் குறைகிறது, எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படுகிறது. ஏற்கெனவே அரைகுறையாக இருக்கும் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இணைப்பு, அப்போதுதான் தன் குறையைக் காட்டும். வோல்ட் நிலையில் வைத்த மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சின் உடம்பில் துருவில்லாத இடத்திலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றி, சேசிஸில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்கிவிடுங்கள். கேபிள் உள்ளே பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மாம்பழ லோடு வண்டி, கிருஷ்ணகிரி. வாரம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பல்புகளும் அடிக்கடி போகின்றன.

சார்ஜ் அதிகமாக ஏறுகிறது. எஞ்சினை மிதமாக முடுக்கி, பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை, அதாவது கட்அவுட்டை, மாற்றுங்கள். ஒரே ஒரு செல் மட்டும் தண்ணீர் குடிக்கிறது என்றால் அந்த செல்தான் பழுது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் மற்றவற்றோடு 0.050 வித்தியாசம் காட்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கலாமா?

கூடாது. வோல்டேஜ் திடீரென்று எகிறி டயோடும் ரெகுலேட்டரும் கருகிவிடும்.

தருமபுரி–சேலம் ஓட்டம். பிரஷ் மாற்றி இரண்டு மாதத்திற்குள் மறுபடியும் சார்ஜ் இல்லை. டைனமோ முழுவதும் ஆயில்.

கேள்விகளுள் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். பழைய டீசல் வேன்கள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பம்பிற்கு எஞ்சின் ஆயில் வந்து திரும்பிச் செல்லும். இடையிலுள்ள சீல் தேய்ந்தால் ஆயில் உள்ளே கசிந்து பிரஷை நனைத்துவிடும். சீலை மாற்றாமலும், ஆயில் திரும்பும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமலும் பிரஷை மட்டும் மாற்றினால் மீண்டும் இதே கதைதான்.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டில் ஆயில் பட்டால் அது வழுக்கும், விரைவில் அறுந்தும் போகும். அப்படி அறுந்தால் சார்ஜ் நிற்பதோடு பிரேக்கின் வேக்கமும் நின்றுவிடும். ஓரிரு மிதிகளுக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். தொப்பூர் இறக்கத்தில் பேட்டரி விளக்கு எரிந்தால் "சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டாதீர்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக அழுத்தி, கியரைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிடுங்கள். சீல் மாற்றும்வரை, ஒவ்வொரு முறையும் தருமபுரியை விட்டுக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள்; உதிரி பெல்ட் ஒன்றும் அதற்குரிய ஸ்பேனரும் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும்.