வால்ட்ஸ் ஜம்ப் இன்னும் வரவில்லையா?

ஐஸ் ஸ்கேட்டிங் பற்றிய ஜப்பானிய அனிமே தொடரான 'யூரி ஆன் ஐஸ்' பார்த்துவிட்டு 34 வயதில் ஸ்கேட்டிங் சேர்ந்தேன், ஆறு மாதமாகியும் காற்றில் அரைச்சுற்று சுற்றி இறங்கும் வால்ட்ஸ் ஜம்ப்கூட வரவில்லை என்கிறீர்கள். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது! தொடரின் நாயகன் யூரி சிறுவயதிலிருந்தே பனியில் வளர்ந்தவன், அவனோடு ஒப்பிடாதீர்கள்.

வாடகை ஷூவா போடுகிறீர்கள்? முதலில் அதை மாற்றுங்கள். கணுக்கால் பகுதி தளர்ந்து, பிளேடும் மழுங்கியிருந்தால் அதன் விளிம்பு ஐஸைப் பிடிக்காது. அப்புறம், குதிப்பதை விட்டுவிட்டு இறங்கும் நிலையைப் பழகுங்கள்: இடப்பக்கம் சுற்றுபவர் என்றால் வலது காலில், முழங்காலை மடக்கி, பிளேடின் வெளி விளிம்பில் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். அது நிலைத்தால் பாதி வேலை முடிந்தது.

வயது? ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில் நடக்கும் பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டியில் சேரவே 28 ஆகியிருக்க வேண்டும். தொடர் தொடங்கும்போது, யூரிக்குப் பயிற்சியாளராக வரும் உலக சாம்பியன் விக்டருக்கே 27தான், அவரைச் சேர்க்க மாட்டார்கள்.