மழை நாளில் போய்ப் பாருங்கள்

கேள்வி: மரங்களுக்கு நடுவே, ஒரே தளத்தில் கட்டிய ஓட்டுக்கூரை பங்களா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வயது 60-க்கு மேல். பார்த்ததிலிருந்து எனக்கு அந்த வராந்தா நினைப்புதான். 'பழசை வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்' என்கிறார் கணவர். எதைப் பார்த்து முடிவெடுப்பது? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. நன்றாகக் கட்டிய சுவருக்கு 60 வயது பெரிதில்லை. ஒயருக்கும் குழாய்க்கும் அது முதுமை. அதனால் வீட்டுக்கு எத்தனை வயது என்பதோடு நிறுத்தாமல், கூரையை எப்போது பிரித்துப் போட்டார்கள், ஒயரிங் எப்போது மாற்றினார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

முதலில் கூரை. மாடி இல்லாத வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் நேர் மேலே கூரைதான். அது ஒழுகினால் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெயில் நாளில் பார்த்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். மழை பெய்யும்போது போங்கள், இல்லையென்றால் மறுநாள் காலையிலாவது. சீலிங்கில் பழுப்பு வளையம் இருக்கிறதா பாருங்கள். கைமரமும் உத்தரமும் சுவருக்குள் நுழையும் முனைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரம் தங்கும் அந்த இடங்களில்தான் மரம் பெரும்பாலும் முதலில் உளுக்கும். நல்ல மரத்தில் முனை லேசில் இறங்காது. சுவரோரம் மண்கோடு ஓடினால் கரையான் வந்துபோன வழி என்று அர்த்தம்.

அடுத்தது ஓதம். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் 1 மீட்டர் உயரத்துக்குள் நின்று, அங்கே உப்புப் பூத்திருக்கும். விற்பதற்குச் சற்று முன் அடித்த பெயின்ட்டைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். ஒருமுறை அப்படிப் பளபளத்த ஒரு வீட்டில் பீரோவை நகர்த்தச் சொன்னேன். விற்பவர் முகம் போன போக்கே போதுமானதாக இருந்தது! சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு மேல் பிற்பாடு சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும்.

விரிசலைக் கண்டதும் பயந்துவிடாதீர்கள். பூச்சில் முடி போல ஓடுவது எந்த வீட்டிலும் உண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், ஒரு முனையில் அகன்று, 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் விஷயம் பெரிது. பக்கத்துக் கதவும் சட்டத்தில் சிக்கினால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்கலாம். நீங்கள் ரசித்த மரங்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம். களிமண் நிலத்தில் பெரிய மரத்தின் வேர் நீரை உறிஞ்ச, மண் சுருங்கி, அஸ்திவாரம் இறங்கும். கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் வேர் புகும். உடனே மரத்தை வெட்டிவிடாதீர்கள். அப்போது மண் ஊறி, சுவரை மேலே தள்ளவும் கூடும்.

ஒயர், குழாய் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். துணியோ ரப்பரோ சுற்றிய ஒயர், எர்த்திங் இல்லாத பிளக், பழைய ஃபியூஸ் கட்டை இருந்தால் முழு ஒயரிங் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். தண்ணீர் நூலாக வந்தால் இரும்புக் குழாய் உள்ளே துருவால் அடைத்திருக்கலாம். பின்பக்க ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அகற்றுவதற்குத் தனிச் செலவு ஆகும்.

அப்புறம், பத்திரத்தோடு அனுமதி வரைபடத்தையும் கேட்டு வாங்கி, கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் இல்லாத குளியலறையோ, இருந்து காணாமல்போன சுவரோ தென்பட்டால் அனுமதி உண்டா, சுவரை எடுத்த இடத்தில் உத்தரம் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

இதெல்லாம் நீங்களே பார்க்கக்கூடியவை. முன்பணம் கொடுப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம், உங்கள் ஆளாக இருக்கட்டும். பழுதுச் செலவை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூரை, ஒயரிங், குழாய் மட்டும்தான் பிரச்சினை என்றால் அந்தத் தொகையைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசலாம். நானாக இருந்தால் வாங்குவேன். அஸ்திவாரம் இன்னும் அசைகிறது என்று அவர் சொன்னால், வராந்தா எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

மழை நாளில் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். டார்ச் அவர் கையில் இருக்கட்டும்.