குறட்டை நின்ற இரவு

அன்புள்ள ஐயா,

ஹாலிவுட்டின் பழைய சின்ன பட்ஜெட் கொலைப் படங்களைப் பற்றி போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, இரண்டு வாரமாக ராத்திரியில் உட்கார்ந்து ஐந்து படம் பார்த்தேன். 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்', 'தி லெப்பர்ட் மேன்', அப்புறம் மூன்று சார்லி சான் படங்கள். உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றம்தான். இரண்டு படங்களில் கொலையாளி யார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. செட் எல்லாம் அட்டை. ஒரே தெரு, ஒரே மாடிப்படி. சீனத் துப்பறிவாளராக ஒரு ஸ்வீடன்காரர் வருவதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கறுப்பின டிரைவரை வைத்துச் செய்யும் நகைச்சுவை அதைவிட மோசம். இந்தப் படங்கள்மீது உங்களுக்குப் பெரிய பிரியம் என்று எழுதியிருந்தீர்கள். எதன்மீது பிரியம்? பழையது என்பதாலா? இன்னும் ஒரே ஒரு படம் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

எஸ்., விருதுநகர்

*

அன்புள்ள எஸ்.,

கொலையாளி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நானும் பலமுறை பாதியிலேயே கண்டுபிடித்திருக்கிறேன். புதிர் என்ற அளவில் இந்தப் படங்களில் பெரும்பாலானவை சுமார்தான், அதில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை. என் பிரியம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு, இவை எதற்காக எடுக்கப்பட்டன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்து அமெரிக்கத் தியேட்டர்களில் கூட்டம் குறைந்தது. போன கூட்டத்தைத் திரும்ப வரவழைக்க, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் பரவியது. நட்சத்திரங்கள் நடித்த பெரிய படம் ஒன்று, கூடவே ஒரு மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஓடும் சின்னப் படம் ஒன்று. இந்தச் சின்னதுதான் 'பி' படம். பெரிய படத்துக்கு வசூலில் பர்சன்டேஜ் உண்டு. சின்னதற்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே பேசிய வாடகை. படம் எத்தனை பிரமாதமாக வந்தாலும் அந்த வாடகைக்கு மேல் ஒரு டாலர் வராது. லாபம் வேண்டுமென்றால் செலவில்தான் பிடிக்க வேண்டும். ஃபாக்ஸில் சால் வுர்ட்ஸெல், வார்னரில் பிரையன் ஃபாய் என்று பெரிய ஸ்டூடியோக்களிலேயே இந்த வேலையைத் தனியாகக் கவனித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கீழே மோனோகிராம், பி.ஆர்.சி. மாதிரிக் கம்பெனிகள். அந்த வரிசைக்கு 'பாவர்ட்டி ரோ', அதாவது வறுமைத் தெரு, என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் பார்த்த ஒரே மாடிப்படி உண்மையிலேயே ஒரே மாடிப்படியாக இருக்கலாம். ஆர்.கே.ஓ. என்ற ஸ்டூடியோவில் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' (1942) படத்தில் வரும் மாடிப்படி, ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்காகப் போட்டது. மெஜஸ்டிக் என்ற சின்னக் கம்பெனி 1933இல் 'தி வாம்பயர் பேட்' எடுத்தபோது, யூனிவர்சலில் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்துக்குப் போட்டிருந்த கிராமத்தை வாடகைக்கு வாங்கி ராத்திரியில் படம்பிடித்தது. செட் இரவல், நேரம் இரவல்.

கையில் காசில்லாதபோது முதலில் போவது நட்சத்திரம். என் பிரியம் தொடங்கும் இடம் அதுதான். பெரிய படத்தில் தெரிந்த முகம் ஒன்று வந்து ஓரமாக உட்கார்ந்தால், இவர் சும்மா வரமாட்டாரே என்று நமக்குத் தெரிந்துவிடும். சின்னப் படத்தில் எல்லா முகமும் ஒன்றுதான். கொலைக் கதை என்பதால் எல்லோர்மீதும் சந்தேகம் வேறு விழ வேண்டும். அதனால் கேமரா எல்லோரையும் பார்த்தே ஆக வேண்டும். வாடகை வீடு நடத்தும் அம்மாள், லிஃப்ட் பையன், ஹோட்டல் வரவேற்பில் சாவி எடுத்துக் கொடுப்பவர், ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர். பெரிய படத்தில் இவர்கள் கதாநாயகனுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே கதவைத் திறந்த கையையும் ஒரு விநாடி பார்க்கிறோம். இந்த ஆள் ஏன் தயங்கினார், அந்த அம்மாள் ஏன் மாடியைப் பார்த்தார் என்று நினைக்கிறோம். எழுபது நிமிடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு சாதாரண மனிதர்களை அவ்வளவு கவனமாகப் பார்க்க வைக்கும் வேறு படவகை அன்றைய ஹாலிவுட்டில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்' உங்களுக்கு ஏமாற்றம் தந்தது எனக்கு வருத்தம்தான். 1940இல் ஆர்.கே.ஓ. எடுத்த 64 நிமிடப் படம், இயக்கம் போரிஸ் இங்ஸ்டர். ஃபிலிம் நுவார் என்று பின்னால் பெயர் பெற்ற, இருளும் நிழலும் நிறைந்த குற்றப் பட வகைக்கு இதுதான் முதல் படம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முசுராகா கனவுக் காட்சியில் போட்ட ராட்சத நிழல்களைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்தக் காட்சியை அல்ல, அதற்கு முன்னால் வருவதை.

மைக் ஒரு பத்திரிகை நிருபர். அவன் சொன்ன சாட்சியால் ஒரு இளைஞனுக்கு மரண தண்டனை கிடைத்துவிட்டது. விசாரணையின்போது ஜூரிகளில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்ததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று ராத்திரி மைக் தன் அறைக்குத் திரும்புகிறான். பக்கத்து அறையில் மெங் என்ற கிழவர். எப்போதும் குறை சொல்பவர், சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காது வைத்துக் கேட்பவர், மைக்குக்குக் கண்டாலே ஆகாது. ராத்திரியானால் அவர் குறட்டை சுவரைத் தாண்டி வரும். அன்று வரவில்லை. மைக் அப்படியே நின்று கேட்கிறான். இத்தனை நாள் எரிச்சலூட்டிய சத்தம் இன்றைக்கு ஏன் இல்லை? பிடிக்காத ஒரு மனிதர் உயிரோடிருக்கிறாரா என்ற கவலை அந்த நிமிடத்தில்தான் அவனுக்குள் வருகிறது. அந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு நடிகர். குறட்டைச் சத்தத்தைக்கூடப் போட வேண்டாம், நிறுத்தினால் போதும்.

அதே படத்தின் கடைசிப் பகுதியில் ஜேன், கொலைப் பழியில் மாட்டிக்கொண்ட தன் காதலன் மைக்கைக் காப்பாற்ற, கழுத்துத் துணி கட்டிய ஒருவனைத் தேடி அலைகிறாள். சாப்பாட்டுக் கடையில் அவள் பக்கத்திலேயே அந்தக் கொலைகாரனாக நடிக்கும் பீட்டர் லோரி வந்து நிற்கிறார். ஹாம்பர்கர் கேட்கிறார், பச்சையாகவே வேண்டும் என்கிறார். வெளியே போய் அந்த இறைச்சியை ஒரு தெருநாய்க்குப் போடுகிறார். கொலைகாரன் நாய்க்குச் சோறு போடுகிறான். கதைக்கு அது அவசியமே இல்லை, சும்மா அவனைப் பயங்கரமாகக் காட்டினாலே போதும். நீதிமன்றம் யார் முகத்தையும் சரியாகப் பார்க்காமல் தீர்ப்பு எழுதியது. இந்தப் பெண்ணோ ஒரு கொலைகாரனின் கையிலிருக்கும் பொட்டலத்தைக்கூடப் பார்க்கிறாள். அதுவரை படம் எழுப்பிய கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

'தி லெப்பர்ட் மேன்' (1943) விஷயத்தில் நீங்கள் இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லூட்டன் தயாரிப்பு, ஜாக் டூர்னர் இயக்கம், கார்னெல் வூல்ரிச்சின் நாவல். நியூ மெக்சிகோவில் ஒரு சின்ன ஊர். க்ளோ-க்ளோ என்ற நடனக்காரி கையில் சப்ளாக்கட்டை மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டே தெருவில் நடந்து போகிறாள். கேமரா அவளோடு போகிறது. வழியில் தெரேசா என்ற சிறுமியின் வீடு வந்ததும் நடனக்காரியை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. சோள மாவு தீர்ந்துவிட்டது, போய் வாங்கிவா என்கிறாள் அம்மா. சிறுத்தை தப்பித்து ஓடிய ராத்திரி. தெரேசாவுக்குப் பயம். தம்பி சுவரில் கைவிரலால் சிறுத்தை நிழல் காட்டிக் கேலி செய்கிறான். பக்கத்துக் கடை மூடிவிட்டது, தூரத்துக் கடைக்குப் போக வேண்டும். திரும்பும் வழியில் ரயில் பாலத்தின் அடி, இருட்டு. ஓடிவந்து கதவைத் தட்டிக் கத்துகிறாள். பொய்ப் பயம் என்று நினைத்து அம்மா திறக்கவில்லை. கத்தல் மாறிய பிறகு திறக்கப் பார்க்கிறாள், தாழ்ப்பாள் சிக்கிக்கொள்கிறது. அப்புறம் கதவுக்கடியிலிருந்து ரத்தம் உள்ளே வழிந்து வருகிறது.

அடி விழுவதை நாம் பார்ப்பதே இல்லை. நாம் பார்த்ததெல்லாம் சோள மாவுக்காக அலைந்த ஒரு பெண்ணின் அந்த ராத்திரியை. கொலைப் படங்களில் முதல் காட்சியிலேயே தரையில் கிடக்கும் பிணத்துக்கு எவரும் இவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை. 66 நிமிடப் படத்தில் கொலையாளியைவிடச் செத்தவர்களோடு நாம் அதிக நேரம் இருக்கிறோம். துப்பறியும் கதையாக இது தளர்வாகத் தெரிவதற்குக் காரணமும் அதுதான். அந்தத் தளர்வுக்காகத்தான் எனக்கு இந்தப் படம் வேண்டும்.

சரி, சார்லி சான். இங்கே உங்கள் கூச்சம் நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட் 1931 முதல் பதினாறு படங்களில் சானாக நடித்தார். 1938இல் அவர் இறந்த பின் சிட்னி டோலர், அவருக்குப் பின் ரோலண்ட் விண்டர்ஸ். மூவரும் வெள்ளையர். 1936இல் ஓலண்ட் ஷாங்காய்க்குப் போனபோது அவருக்கு நல்ல வரவேற்பு இருந்தது உண்மைதான். ஆனால் மூத்த மகனாக வந்த கீ லூக், குவாங்சோவில் பிறந்து சியாட்டிலில் வளர்ந்த உண்மையான சீன வம்சாவளி நடிகர், அப்பாவின் பின்னால் ஓடும் பையனாகவே பல படங்களைக் கழித்தார். 1940இல் மோனோகிராம் 'ஃபாண்டம் ஆஃப் சைனாடவுன்' எடுத்தபோதுதான் அவர் துப்பறிவாளராக முன்னால் வந்தார். மிஸ்டர் வாங் என்ற சீனத் துப்பறிவாளரின் பட வரிசை அது; அதற்கு முன் ஐந்து படங்களில் அந்த வேடத்தைச் செய்தவர் வெள்ளையரான போரிஸ் கார்லாஃப். கீ லூக்குக்குக் கிடைத்தது அந்த ஒரு படம், அதோடு வரிசையே முடிந்துவிட்டது. அவர் அதில் ஒட்டு மேக்கப் இல்லாமல், இழுத்துப் பேசாமல், சாதாரணமாகப் பேசி விசாரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நடக்காமல் போன பத்துப் படங்கள் என் மனதில் ஓடும்.

எல்லோர்மீதும் சந்தேகம் விழும், எல்லோரையும் பார்ப்போம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த விதி உடையும் இடமும் இந்தப் படங்கள்தான். மோனோகிராம் சான் படங்களில் டிரைவர் பர்மிங்ஹாம் பிரௌனாக வரும் மேன்டன் மோர்லண்ட் மீது ஒருநாளும் எவருக்கும் சந்தேகம் வராது. கண்ணை உருட்டிப் பயந்து ஓடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கொலை செய்யக்கூடியவன் என்றுகூட அந்தப் படங்கள் அவரை நினைத்ததில்லை. அவமதிப்பு அங்கே இருக்கிறது.

ஆனாலும் 'டார்க் அலிபை' (1946) படத்தில் ஒரு காட்சியைத் தேடிப் பாருங்கள். மோர்லண்டும் பென் கார்ட்டரும் சந்தித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை அவர் முடிக்குமுன் மற்றவர் பிடித்துக்கொள்கிறார், அவர் முடிக்குமுன் இவர். 'அவனைக் கடைசியா நான் பார்த்தது...' 'அங்கேயா? அப்போ கூட யாரு...' 'அவங்களேதான்! ஆனா அவங்க இப்போ...' என்ற மாதிரி. ஒரு பெயர்கூட முழுதாக வராது, இருவருக்கும் எல்லாம் புரிந்துவிடும். கறுப்பின மேடைகளில் பழுத்த நகைச்சுவை அது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு துப்பறிவாளர், பிணம், துப்பாக்கி எதுவும் இல்லை, இந்த இரண்டு பேர்தான் படம். இயக்குநர் ஃபில் கார்ல்சன் கேமராவை நிறுத்தி அவர்களைப் பேசவிட்டிருக்கிறார். மோர்லண்ட் எப்பேர்ப்பட்ட கலைஞர் என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்து ஒரே ஒரு படம் என்று கேட்டீர்கள். கொலம்பியா 1946இல் எடுத்த 'சோ டார்க் தி நைட்'. 71 நிமிடம். இயக்குநர் ஜோசப் எச். லூயிஸ். முன்பு சின்ன வெஸ்டர்ன் படங்கள் எடுத்தபோது, வெறும் செட்டை மறைக்க வண்டிச் சக்கரத்தைக் கேமராவுக்கு முன்னால் வைத்துப் படம்பிடிப்பார் என்பதால் 'வண்டிச் சக்கர ஜோ' என்று பட்டப்பெயர் வாங்கியவர். இதில் சக்கரத்துக்குப் பதில் ஜன்னல். பாரிஸிலிருந்து ஓய்வுக்கு ஒரு கிராமத்துக்கு வரும் புகழ்பெற்ற துப்பறிவாளர், விடுதிக்காரரின் மகள், ஒரு கொலை. கிராமம் முழுவதும் ஹாலிவுட்டில் போட்ட செட்தான், அட்டை என்று நீங்கள் சொல்லலாம். துப்பறிவாளராக வருபவர் ஸ்டீவன் கெரே. அதே 1946இல் வந்த 'கில்டா'வில் இவர் சூதாட்ட விடுதியின் கழிப்பறையில் நின்று துண்டு எடுத்துக் கொடுக்கும் ஆளாக வருவார். எத்தனையோ படங்களில் அப்படி ஓரமாக நின்றுவிட்டுப் போன முகம். லூயிஸ் அந்த முகத்தைப் படத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து, கடைசி வரை ஜன்னல் கண்ணாடிகள் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஜன்னல்களைக் கவனியுங்கள்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். கொலையாளி யார் என்பதை மட்டும் கடிதத்தில் சொல்லிவிடாதீர்கள், இங்கே இன்னும் பார்க்காதவர்களும் படிக்கிறார்கள்.

அன்புடன்.