துண்டு யார் கையில்?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. தேசிய சேவையை முடித்துவிட்டுக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறான். மாலை நேரத்தில் குத்துச்சண்டைப் பயிற்சி. இப்போது அதையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறானாம். தன் எடைக்கு 'வெல்டர்வெயிட்' பிரிவு என்கிறான். நான் எதிர்த்த நாளிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. அந்தத் தொழிலில் இறங்கியவனின் வாழ்க்கை எப்படிப் போகும்? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: மறைக்க மாட்டேன், அம்மா. முதலில் அந்தச் சொல்லுக்கு விளக்கம். வெல்டர்வெயிட் என்றால் 147 பவுண்டுக்கு, ஏறக்குறைய 66.7 கிலோவுக்கு, மேல் போகக்கூடாது. சிறிய எடைக்காரர்களின் வேகமும் பெரிய எடைக்காரர்களின் பலமும் ஒரே உடம்பில் கூடிவரும் பிரிவு அது. என் வாழ்நாள் முழுக்க நான் ரசித்துப் பார்த்த பிரிவும் அதுதான். அடி வேகமாகவும் வரும், கனமாகவும் வரும் என்பதை நீங்கள் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

உங்களுக்கு ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். எமில் கிரிஃபித், 1938இல் கரீபியக் கடலில் இருக்கும் செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தவர். நியூயார்க்குக்கு வந்து பெண்களுக்கான தொப்பி செய்யும் பட்டறையில் வேலை செய்தார். வெக்கை தாங்காத ஒரு நாள், சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாமா என்று முதலாளியிடம் கேட்டார். அந்த முதலாளி இளமையில் குத்துச்சண்டை பழகியவர். பையனின் தோளைப் பார்த்ததும் கில் கிளான்சி என்ற பயிற்சியாளரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். 1958இல் தொழில்முறைக்கு வந்த கிரிஃபித், 1961 ஏப்ரலில் கியூபாவின் பென்னி பாரெட்டை 13ஆம் சுற்றில் வீழ்த்தி உலக வெல்டர்வெயிட் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரெட் அதை மீட்டார்.

மூன்றாவது முறை அவர்கள் மோதியது 1962 மார்ச் 24 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில். அன்று எடை பார்க்கும்போது, ஆண்களை விரும்புபவர்களைப் பழிக்கும் ஸ்பானிய வசைச்சொல்லால் பாரெட் கிரிஃபித்தை ஏசினார். கிரிஃபித் கொதித்துப்போனார். ஆறாம் சுற்றில் கிரிஃபித்தே விழுந்து, மணி அடித்ததால் தப்பினார். பன்னிரண்டாம் சுற்றில் பாரெட் மூலையில் சிக்கினார். கயிற்றில் சாய்ந்தவர் கீழே விழவில்லை. கையை உயர்த்தித் தடுக்கவும் இல்லை. அடி மேல் அடி விழுந்தது. நடுவர் குறுக்கே பாய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3 அன்று பாரெட் இறந்தார். அவருக்கு வயது 25. தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான சண்டை அது.

எல்லோரும் அந்த வசைச்சொல்லையும் அந்தக் கடைசி நொடிகளையும்தான் பேசுவார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதற்கு மூன்றரை மாதம் முந்தைய ஒரு தேதியை. 1961 டிசம்பரில், தன்னைவிடப் பெரிய எடைக்காரரான ஜீன் ஃபுல்மரிடம் பாரெட் பத்துச் சுற்று அடிவாங்கி வீழ்த்தப்பட்டிருந்தார். அந்த உடம்பு ஆறியதா என்று கேட்க அவர் பக்கத்தில் ஆள் இல்லை. அப்படிப்பட்டவரை மறுபடி மேடையேற்றினார்கள். தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டையை நிறுத்தச் சொல்லும் அடையாளமாக, வீரரின் பயிற்சியாளர் மேடைக்குள் துண்டை வீசுவது வழக்கம். பன்னிரண்டாம் சுற்றில் அந்தத் துண்டை வீசவும் ஒரு கை எழவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

கிரிஃபித் அதன் பிறகும் பதினைந்து ஆண்டு சண்டையிட்டார். 1966இல் நைஜீரியாவின் டிக் டைகரை வென்று, வெல்டர்வெயிட்டைவிடப் பெரிய எடைப் பிரிவான மிடில்வெயிட்டின் பட்டமும் பெற்றார். ஆனால் எதிராளி தள்ளாடினால் பழையபடி மேலே பாய அவருக்கு மனம் வரவில்லை. அதை அவரே சொல்லியிருக்கிறார். கெட்ட கனவுகள் அவரை விடவில்லை. 85 வெற்றி, 24 தோல்வியோடு 1977இல் விலகினார். பிறகு சிறார் காவல் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தார். முதுமையில், தலையில் வாங்கிய அடிகளால் வரும் மறதிநோய். 2013இல், 75 வயதில், பராமரிப்பு இல்லத்தில் இறந்தார். இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு பாரெட்டின் மகனைச் சந்தித்தார். அந்த மகன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1981 செப்டம்பர் 16, லாஸ் வேகாஸ். சுகர் ரே லியனார்டும் தாமஸ் ஹெர்ன்ஸும் மோதிய வெல்டர்வெயிட் சண்டை. புள்ளி போடும் மூன்று நீதிபதிகளின் தாளிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னிலை. பதினான்காம் சுற்றில் அவர் கயிற்றோரம் தடுமாறியபோது, புள்ளியில் முன்னால் நிற்கிறாரே என்று நடுவர் தயங்கவில்லை, சண்டையை நிறுத்திவிட்டார். ஹெர்ன்ஸ் அன்று தோற்றார். ஆனால் அதன் பிறகு பல எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றார். 1989இல் அதே லியனார்டுடன் மோதிச் சமன் செய்தார்.

ஆகவே, அம்மா, 'போகாதே' என்று மகனிடம் சொல்லிப் பயனில்லை. 23 வயதில் எனக்கும் அந்தச் சொல் காதில் விழுந்ததில்லை. அவன் பயிற்சியாளரை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். சோறு போட்டுவிட்டு நேராகக் கேளுங்கள்: என் பிள்ளை புள்ளியில் முன்னால் இருக்கும்போது சண்டையை நிறுத்தியிருக்கிறீர்களா? இவனை இல்லாவிட்டாலும் வேறு யாரையாவது? வீழ்த்தப்பட்ட பிறகு எத்தனை மாதம் ஓய்வு கொடுப்பீர்கள்? மூளைப் பரிசோதனை எப்போது? இதற்கெல்லாம் அவர் சிரித்து மழுப்பினால் மகனை அந்தக் கூடத்திலிருந்து கூட்டி வந்துவிடுங்கள். முகம் மாறாமல், நாள் கணக்கோடு பதில் சொன்னால் அவர் பேச்சைக் கொஞ்சம் நம்பலாம். கிடங்கு வேலையை மட்டும் அவன் விடவேண்டாம். தொடக்க ஆண்டுகளில் மேடை வருமானம் கைகட்டும் துணிக்கும் பஸ் கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும்.

கேள்வி: என் எடை 74 கிலோ. பட்டினி கிடந்து, வியர்வை அறையில் உட்கார்ந்து எடையைக் குறைத்தால் வெல்டர்வெயிட்டில் சின்ன ஆட்களோடு மோதலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
– மாணவர், ஜூரோங்

பதில்: தவறு, தம்பி. இப்போது பெரும்பாலும் சண்டைக்கு முதல் நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். அதனால் ஓரிரு நாளில் தண்ணீரை வற்றவைத்து எடையைக் காட்டிவிட்டு, மறுநாளுக்குள் குடித்துத் தேறிக்கொள்ளலாம் என்ற துணிச்சல் வந்துவிட்டது. குடித்த தண்ணீர் வயிற்றுக்குப் போன வேகத்தில் தலைக்குப் போய்ச் சேர்வதில்லை. வறண்ட உடம்போடு தலையில் அடிவாங்குவதைத்தான் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். 74 கிலோவில் பழகுங்கள், 74 கிலோ ஆட்களோடு மோதுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் பெயர் சொல்லும்படியான குத்துச்சண்டை வீரர்கள் உண்டா?
– வாசகர், தோ பாயோ

பதில்: ஏன் இல்லை? சையது அப்துல் காதிர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். எடையிலேயே மிகச் சிறிய பிரிவுகளில் ஒன்று அவருடையது. பிற்காலத்தில் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தார். தொழில்முறையில் முகமது ரித்வான் 2018இல் இங்கேயே உலகப் பட்டம் ஒன்றுக்காக மோதினார். நீதிபதிகள் பிளவுபட்ட தீர்ப்பில் நூலிழையில் தவறவிட்டார். என் அப்பா காலத்தில் கேலாங் 'ஹேப்பி வேர்ல்ட்' அரங்கில் சண்டை என்றால் கப்பல் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி வாங்கிய கையோடு நேராகப் போவார்களாம். அந்த இடத்தில் இன்று அதன் சுவடே இல்லை.

கேள்வி: என்னுடன் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் நண்பர்கள் மேனி பக்கியாவைத் தெய்வம்போல் பேசுகிறார்கள். அப்படி என்ன செய்துவிட்டார்?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: 1998இல் 112 பவுண்டுப் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர், 2009இல் மிகெல் கோட்டோவை வென்று வெல்டர்வெயிட் பட்டமும் பெற்றார். எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம். வேறு எவருக்கும் வாய்க்காதது. 2019இல் கீத் தர்மனைத் தோற்கடித்தபோது அவருக்கு 40 வயது. அமெரிக்காவின் சனி இரவு நமக்கு ஞாயிறு நண்பகல். 2015 மே மாதம் அவர் மேவெதரிடம் தோற்ற அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லக்கி பிளாசா கடைத்தொகுதியில் இருந்தேன். விடுமுறை நாளில் வந்திருந்த பிலிப்பீன்ஸ் பணிப்பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். அந்த அழுகையைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: பத்தொன்பது வயதில் உங்கள் சண்டையை இரண்டாம் சுற்றிலேயே பயிற்சியாளர் துண்டு வீசி நிறுத்தினார், கோபத்தில் நீங்கள் பயிற்சியையே விட்டுவிட்டீர்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பிறகு அவரைப் பார்த்தீர்களா?
– வாசகர், பிடோக்

பதில்: பார்த்தேன். இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தேக்கா சந்தையில் மீன் கடைக்கு முன்னால், கையில் பையோடு நின்றார். மலாய்க்காரர், தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று சொல்வதற்குள், என் இடது புருவத்தை விரலால் தொட்டு, "இதுதானே?" என்று மலாயில் கேட்டார். தழும்பு எந்தப் பக்கம் என்பதை என் மனைவியே மறந்திருந்தாள். இருவரும் மேலே போய்த் தேநீர் குடித்தோம். அன்று ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். "உன் கால் நின்றுவிட்டது, நீ கவனிக்கவில்லை" என்றார். காசை அவர்தான் கொடுத்தார்.