வீட்டுக்குக் கையைக் கடிக்காத விலையில் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூங்கில் பிரஷ், மக்கும் கவர், இயற்கை சோப்பு, ஸ்டீல் பாட்டில் என்று ஒரு பட்டியல் போடலாம், இதில் எது காசுக்குத் தகும் என்பதுதான் கேள்வி. நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். வடக்கே போனால் பாக் விரிகுடா, தெற்கே போனால் மன்னார் வளைகுடா. ஒரு பொருள் எங்கள் வீட்டில் நிலைக்க வேண்டுமானால் உப்புக் காற்றைத் தாங்க வேண்டும், உப்புத் தண்ணீரில் வேலை செய்ய வேண்டும். அட்டையில் பச்சை இலை படம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வருஷத்துக்கு ஒன்று வாங்க வேண்டியிருந்தால் அது இயற்கைக்கும் நல்லதில்லை, பர்ஸுக்கும் நல்லதில்லை.

ஸ்டீலிலிருந்தே தொடங்குகிறேன். பிளாஸ்டிக்கை விட்டு ஸ்டீலுக்கு மாறுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எந்த ஸ்டீல் என்று சொல்ல மாட்டார்கள். மலிவான டப்பா, பாட்டிலெல்லாம் பெரும்பாலும் 202 ரகம். அதில் நிக்கல் குறைவு. கடலோரத்தில் மூடி விளிம்பிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் டீக்கறை மாதிரி துரு பூக்கும். 304 கொஞ்சம் விலை கூட, ஆனால் தாங்கும். சிலர் கடையில் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்கள். வீண் வேலை. 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. பாத்திரத்தின் அடியில் 304 என்று அச்சு இருக்கிறதா பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். அதைவிட மலிவான வழி, பரணில் கிடக்கிற பழைய சீர்வரிசைத் தூக்குச் சட்டியை இறக்குவது.

அந்தத் தூக்குதான் எனக்கு மீன் வாங்கப் பை. மஞ்சப்பை நல்லதுதான், 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகு ஊரில் அதிகமாகவே கண்ணில் படுகிறது. ஆனால் நகரை, சூடை மீன்களை அதில் போட்டால் வீடு வரைக்கும் தண்ணீர் சொட்டும். தூக்கை நீட்டினால் மீன்காரம்மா, "சட்டிய முதல்ல தட்டுல வையி தாயி, எடைய கழிச்சுக்கிறேன்" என்பார். வெறும் சட்டியை நிறுத்து, தராசு முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் மீனைப் போடுவார். அவருக்கும் கவர் காசு மிச்சம். அதனால் சில நாள் ரெண்டு மீன் கூட விழும்!

'மக்கும் கவர்' என்று கடைக்காரர் கொடுப்பதை நம்பி அள்ளிக்கொண்டு வராதீர்கள். தரமான மக்கும் பிளாஸ்டிக்கூட, 58 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வைத்திருக்கிற பெரிய உரக்கூடத்தில் மக்குவதற்காகச் செய்யப்பட்டது. கொல்லையில் புதைத்தாலோ கடலில் விழுந்தாலோ அது பாட்டுக்கு வெகுநாள் கிடக்கும். தண்ணீரில் மிதக்கிற கவரைச் சொறிமீன் (ஜெல்லி மீன்) என்று ஆமை விழுங்கினால், அது மக்குமா மக்காதா என்று ஆமைக்கு என்ன தெரியும். இன்னொரு ஏமாற்று, துணி மாதிரியே இருக்கிற ஜவுளிக்கடைப் பை. நெய்யாத அந்தப் பை முழுக்கப் பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களில் அதுவும் உண்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கை வெட்டித் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகிச் சின்ன மணியாகச் சுருளும்.

அடுத்தது சோப்பு. எங்கள் போர்வெல் தண்ணீரில் நல்ல சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். கையால் செய்த இயற்கை சோப்பு என்று நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினாலும் கதை அதேதான். பூந்திக்கொட்டையில் அந்தத் தொல்லை இல்லை, அதிலுள்ள சப்போனின் என்ற நுரைப்பொருள் இந்த மாதிரிக் கடின நீரிலும் வேலை செய்யும். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒரு கொதி விட்டு வடிகட்டினால் போதும். கலர் துணி, பட்டு, பாத்திரம் எல்லாவற்றுக்கும் சரி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்படித் துணிக்கும் வெள்ளை வேட்டிக்கும் சரிவராது, அதற்கு டிடர்ஜென்ட் வேண்டும். வடித்தால் ரெண்டு மூன்று நாளில் புளித்துவிடும், கொஞ்சமாகவே செய்யுங்கள். இயற்கைதானே என்று மிச்சத்தை ஊருணியில் கொட்டவும் வேண்டாம். சப்போனின் மீனுக்கு விஷம்.

குழாயிலும் பக்கெட்டிலும் படிகிற உப்புக்கு மளிகைக்கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். ரெண்டு ஸ்பூனை வெந்நீரில் கரைத்துத் துணியை நனைத்துச் சுற்றி அரைமணி விட்டால் படிவு இளகிவிடும். வினிகரையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கலக்கச் சொல்கிற வீடியோக்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். நுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். எலுமிச்சை உப்பையோ வினிகரையோ பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போகிற ஊரில், அலசி அலசிப் பயன்படுத்துகிற பொருளெல்லாம் சிக்கனம் ஆகாது. மாதவிடாய்க்குத் துணி நாப்கினைவிட சிலிகான் கப் இங்கே பொருந்துகிறது என்று நான் சொல்வது அதனால்தான். 300, 500 ரூபாய்க்குக் கிடைக்கும், பல வருஷம் வரும், கொதிக்க வைக்கக் கப் முழுகுகிற அளவு தண்ணீர் போதும். தண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். அதைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம், செடிக்கு ஊற்றினால் உப்பேறிக் கருகும். காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருவில் ஆர்ஓ வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

பெரிய செலவு ஒன்று செய்ய முடிந்தால் மின்விசிறிக்குச் செய்யுங்கள். பழைய விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் விசிறி சுமார் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் மிச்சம். அந்த பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுவதால், எல்லையில் நிற்கிற வீட்டுக்கு லாபம் இன்னும் அதிகம். ஆனால் பிஎல்டிசி விசிறிக்குள்ளே சர்க்யூட் போர்டு இருக்கிறது, அதற்கும் உப்புக் காற்று ஆகாது. ராமநாதபுரத்தில் சர்வீஸ் இருக்கிற கம்பெனியாக, வாரண்டி நீளமானதாகப் பாருங்கள்.

மூங்கில் பிரஷ் உங்கள் இஷ்டம். பிடி மக்கும், இழைகள் பெரும்பாலும் நைலான்தான்.

அதற்குக் கொடுக்கிற காசுக்கு நான் ஓலைப்பெட்டி வாங்குவேன். பனைக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமா? முண்டு மிளகாய், சின்ன வெங்காயம், கருவாடு எதை வைத்தாலும் காற்றோட்டம் இருக்கும், வியர்க்காது, துருவும் பிடிக்காது. வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். இப்போது பலர் பனை நாருக்குப் பதில் பிளாஸ்டிக் ஒயரால் கட்டிவிடுகிறார்கள். நார் கட்டியதையே கேளுங்கள், வார்னிஷ் அடித்ததைத் தின்கிற பொருளுக்கு எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பூக்கும். வெயில் கண்ட அன்றைக்கு உதறி, முற்றத்தில் கவிழ்த்து வைத்து எடுத்தால் மறுபடி புழங்கலாம்.