டெக்னோ இசைக்கலைஞர் ஹுவான் அட்கின்ஸைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டெக்னோ என்ற மின்னணு நடன இசை ஜெர்மனியில் பிறந்ததுதானே?

பதில்: இல்லை, அமெரிக்காவின் டெட்ராய்டில். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு விதை போட்டது உண்மைதான். ஆனால் அட்கின்ஸும் ரிக் டேவிஸும் சைபோட்ரான் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு போட்டது 1981-இல். பெர்லின் டெக்னோவுக்குப் பேர்போனது 1989-இல் சுவர் விழுந்த பிறகுதான்.

கேள்வி: அப்போது அட்கின்ஸ் சின்னப் பையன்தானே, ஸ்டூடியோ ஏது?

பதில்: ஸ்டூடியோவா! பாட்டியோடு இசைக்கருவிக் கடைக்குப் போனபோதுதான் மின்சாரத்தால் ஒலி உருவாக்கும் சின்தசைசர் மேல் ஆசை வந்தது. பாட்டி கோர்க் எம்எஸ்-10 என்ற சின்தசைசரை வாங்கிக் கொடுத்தார். டிரம் சத்தத்தைக்கூட அதிலேயே உருவாக்கி, கேசட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். அந்தக் கருவி வறட்சிதான் பிறகு அழகாகிவிட்டது என்பது என் எண்ணம். ஆரம்ப காலப் பாடல்களில் தேவையில்லாத ஒரு ஒலியைக் கண்டுபிடியுங்கள், பார்ப்போம்.

கேள்வி: 'டெக்னோ' என்ற பெயரை வைத்தது அவர்தானா?

பதில்: சொல்லை அவர் கண்டுபிடிக்கவில்லை, இந்த இசைக்கு ஒட்டவைத்தார். எதிர்காலம் பற்றி எழுதிய ஆல்வின் டாஃப்ளர் தன் நூலில் 'டெக்னோ ரெபல்ஸ்' (தொழில்நுட்பக் கலகக்காரர்கள்) என்று எழுதியிருந்தார். அட்கின்ஸ் அந்த நூலை விரும்பிப் படித்தவர். 1984-இல் சைபோட்ரான் 'டெக்னோ சிட்டி' வெளியிட்டது. 1988-இல் பிரிட்டனில் டெட்ராய்ட் இசைத் தொகுப்பு ஒன்று தயாரானது. அதற்கு 'ஹவுஸ்' என்ற இன்னொரு நடன இசை வகையின் பெயர் வரும்படிதான் முதலில் பெயர் யோசித்தார்கள். கடைசியாக அட்கின்ஸ் கொடுத்த பாடலின் பெயர் 'டெக்னோ மியூசிக்'. அப்புறம் தொகுப்பின் தலைப்பே மாறிவிட்டது.

கேள்வி: பெல்வில் மூவர் யார்?

பதில்: அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். டெட்ராய்டுக்கு வெளியே பெல்வில் பள்ளியில் பழகியவர்கள். மேவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அட்கின்ஸ்.

கேள்வி: அப்படியானால் பெரிய வெற்றி அவருக்குத்தானே வந்திருக்க வேண்டும்?

பதில்: வரவில்லை. 1988-இல் பிரிட்டன் பாடல் தரவரிசையின் முதல் பத்துக்குள் நுழைந்தது சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு. 1983-இல் வந்த சைபோட்ரானின் 'கிளியர்' பலருக்குத் தெரியவந்ததே 2005-இல், அமெரிக்க ராப் பாடகி மிஸ்ஸி எலியட் 'லூஸ் கன்ட்ரோல்' பாட்டில் அதன் இசையை எடுத்தாண்டபோது. பாதிப் பேருக்கு அது யாருடையது என்று இன்றும் தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: 1985-இல் மாடல் 500 என்ற பெயரில், தன் சொந்த மெட்ரோபிளெக்ஸ் இசை நிறுவனத்தில் அட்கின்ஸ் வெளியிட்ட 'நோ யூஎஃப்ஓஸ்'. பிறகு 'நைட் டிரைவ்'. ஹெட்ஃபோனில், இரவில்.