மூளைய ஆராயணும்னா டொக்டர் ஆகணுமா?

கேள்வி: சேர், நான் ஏ.எல். மெட்ஸ் படிக்கிறேன். மனுச மூளை எப்பிடி ஞாபகம் வச்சுக்குதுன்னு ஆராய்ச்சி பண்ற வேலைக்குப் போக ஆசை. பயோ எடுக்காம அந்தப் பக்கமே போக ஏலாதுன்னு டியூஷன்ல சொல்றாங்க. அம்மா கொழுந்து எடுக்குறாங்க, டொக்டராகாட்டி யாரு சம்பளம் குடுப்பாங்கன்னு கேக்குறாங்க. – வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, டியூஷன்ல சொன்னத காதுலயே போட்டுக்காதீங்க. பிரெண்டா மில்னர்னு ஒரு அம்மா, 1918ல மான்செஸ்டர்ல பொறந்தவங்க, கேம்பிரிஜுக்குப் போனதே மெட்ஸ் படிக்கத்தான், அதுல பெருசா வரமாட்டோம்னு பட்டதும் உளவியலுக்கு மாறி, அப்பறம் கனடா போய் மொன்றியல்ல கலாநிதிப் பட்டம் எடுத்தாங்க. கத்தியே புடிக்காத இந்த அம்மாதான் ஞாபக ஆராய்ச்சியையே திருப்பிப் போட்டவங்க.

ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு வலிப்பு நிக்கிறதுக்காக 1953ல மூளைல ஒபரேஷன் பண்ணி, ரெண்டு பக்கமும் ஹிப்போகெம்பஸ்ங்கிற மூளையோட உள்பகுதில பெரும்பங்க எடுத்துட்டாங்க. வலிப்பு கொறஞ்சுச்சு, ஆனா புதுசா எதுவுமே மனசுல நிக்கல. மில்னர் மொன்றியல்ல இருந்து ரயிலேறிப் போவாங்க, ஒவ்வொரு தடவையும் அவருக்கு இவங்க புது ஆளுதான். ஒருநாள் ரெட்டைக் கோட்டுல வரைஞ்ச நட்சத்திரத்த வச்சு, கைய மறைச்சு, கண்ணாடில மட்டும் பாத்து ரெண்டு கோட்டுக்கும் நடுவுல பென்சில ஓட்டச் சொன்னாங்க. செஞ்சு பாருங்க, கை ஏறுமாறாத்தான் போகும். அவரு மூணு நாள் செஞ்சாரு, முந்தின நாள் செஞ்சதே ஞாபகம் இல்ல, ஆனா பிழை மட்டும் நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு! அப்பன்னா கைப்பழக்கத்துக்கு மூளைல வேற எடம் இருக்கு. மெஷின் ஒன்னும் இல்ல, கண்ணாடி, பேப்பர், பென்சில்.

உங்க அம்மா அடுத்த நெரைல நிக்கிறவங்களோட கத பேசிக்கிட்டே ரெண்டு இலையும் மொட்டுமா கிள்ளிப் போடுறாங்களே, அதுவும் இந்த ஞாபகம்தான். எப்பிடிக் கிள்ளுறீங்கன்னு கேட்டுப் பாருங்க, சொல்ல வராது.

இப்ப சம்பளக் கதை. இது டக்குன்னு காசு வர்ற வேலை இல்ல. டிகிரி, அப்பறம் பிஎச்டிக்கே நாலஞ்சு வருசம், அதுக்கப்பறமும் கொஞ்ச காலம் கொன்ட்ராக்ட் வேலதான். ஆனா வெளிநாட்டுல நெறைய எடத்துல பிஎச்டி செய்யிறவங்களுக்கு மாசா மாசம் உதவித்தொகை குடுப்பாங்க, அத அம்மாகிட்ட சொல்லுங்க. தினசரி வேலைன்னு பாத்தா ஸ்கேனுக்கு ஆள் தேடுறது, டேட்டா துப்புரவாக்குறது, புரோகிராம் எழுதுறது, ஆராய்ச்சிக்குக் காசு கேட்டு விண்ணப்பம் போட்டு திரும்பி வர்றதப் பாத்துக்கிட்டு இருக்கிறது. மூளை வேலை செய்யிறப்ப எடுக்குற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் நெனப்பப் படம் புடிக்காது, ரத்தத்துல ஒட்சிசன் எங்க மாறுதுன்னுதான் காட்டும், அதுல இருந்து அர்த்தம் எடுக்கிறது முழுக்க புள்ளிவிவரக் கணக்கு. அதனால மெட்ஸ விடாதீங்க. வீட்டுக்கு சீக்கிரம் காசு வேணும்னா பேராதனை மாதிரி எடத்துல இன்ஜினியரிங்கோ புள்ளிவிவரமோ படிச்சு கைல ஒரு வேலைய வச்சுக்கிட்டு மூளை ஆராய்ச்சிப் பக்கம் திரும்புங்க, அப்பிடித் திரும்பினவங்க இந்தத் துறைல நெறைய. இங்கிலீஷ மட்டும் இப்பவே புடிங்க.

கேள்வி: நாம மூளைல 10 வீதம்தான் பாவிக்கிறோமாமே? – வாசகர், பதுளை

பதில்: சும்மா கதை. உடம்பு எடைல 2 வீதம்தான் மூளை, ஆனா சக்தில சுமார் 20 வீதத்த அதுவே தின்னுது. சும்மா கெடக்கிறதுக்கு யாரு இவ்வளவு சோறு போடுவா?

கேள்வி: வல்லாரைச் சம்பல் சாப்பிட்டா பரீட்சைல ஞாபகம் நிக்குமா? – வாசகி, பண்டாரவளை

பதில்: உறுதியான ஆதாரம் இல்லம்மா. ருசிக்காக சாப்பிடுங்க, பரீட்சைக்கு நேரத்தோட தூங்குங்க.